நட்டால் மலையில் ரயில் பார்க்க எங்கே நிற்பது?

டர்பனுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் எடுத்த ரயில் படங்களில் எஞ்சின் எல்லாம் ஒரே கரி. நீராவி எஞ்சின் கறுப்பாகத்தான் இருக்கும், அது வேறு. இது நிழல் கறுப்பு. சக்கரம் எது, கொதிகலன் எது, எட்டிப் பார்க்கும் டிரைவர் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. காரணம் பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று. திருச்சியில் டிசம்பர் வெயில் தெற்கே சாய்ந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தண்டவாளத்துக்குத் தெற்கே போய் நின்றுகொண்டு வடக்கே பார்த்துப் படம் எடுத்திருக்கிறேன். இந்த ஊரில் சூரியன் வடக்கே போகிறது. ஜூன் மாதம் டர்பனில் உச்சிப் பொழுதில்கூட வெயில் வடக்கு வானில் 37, 38 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. அதாவது நாள் முழுக்க எதிர்வெயிலில் நின்றிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்து, மலையும் ரயிலும் பிடித்திருந்து, எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாகாணத்துப் பக்கம்தான் அதிகம் சொல்வேன். நான் இருப்பது இங்கே, நம் ஆட்களும் அதிகம் இருப்பது இங்கே. இந்த நாட்டின் முதல் பயணிகள் ரயில் டர்பனில் 1860 ஜூன் 26 அன்று ஓடியது, துறைமுக முனைவரை சின்ன தூரம். அதே ஆண்டு நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 342 பேரோடு டிரூரோ கப்பல் அதே துறைமுகத்துக்கு வந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் போக ஒரு பங்கு நட்டால் அரசு ரயில்வேக்குப் போனது. தண்டவாளம் போட்டார்கள், ஜல்லி இடித்தார்கள், பிறகு அந்தப் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் சேர்ந்தார்கள்.

எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர் அப்படி ஒரு குடும்பத்தில் வந்தவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர் (இங்கே சுருக்கி மாரிட்ஸ்பர்க் என்பார்கள்), ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வயதில் மூத்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லாரும் அங்கிள்தான். அவருக்குத் தமிழ் துண்டு துண்டாகத்தான் வரும். ஆனால் ‘தம்பி’ மட்டும் சுத்தமாக வரும். முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: “தம்பி, ட்ரெயினை ஏன் தேடறே? ஏத்தத்தைத் தேடு. ட்ரெயின் தானா வரும்.”

முதலில் ஏற்றத்தைக் கண்டுபிடிப்பது

சமவெளியில் ரயில் வந்த வேகத்தில் போய்விடும். மலை ஏற்றத்தில் அதே ரயில் நடை வேகத்துக்கு இறங்கிவிடும். பார்க்க நேரம் கிடைக்கும், சத்தம் ஒரு மைல் முன்னாலேயே கேட்கும், நீராவி எஞ்சினாக இருந்தால் புகை தூண் மாதிரி எழும்பும். இறக்கத்தில் இதெல்லாம் ஒன்றும் இல்லை, பிரேக் நாற்றம்தான் மிச்சம். ஆகவே ஒரு பாதையில் எந்த இடம் ஏற்றம், அதில் எந்தத் திசையில் போகிற வண்டிக்கு ஏற்றம் என்பதுதான் முதல் கேள்வி.

இதற்குத் தேவை வரைபடம். கைப்பேசி வரைபடம் வழி காட்டும், உயரம் சரியாகக் காட்டாது. தென்னாப்பிரிக்க அரசின் நில அளவைத் துறை நாடு முழுக்க 1:50,000 அளவில் வரைபடங்கள் போட்டிருக்கிறது. அதில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ரயில் பாதை ஒரு கோட்டை வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள், அடுத்த கோட்டை வெட்டும் இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே பாதையின் நீளத்தை நூல் வைத்து அளந்து பாருங்கள். 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். 20 மீட்டர் ஏற ஆயிரம் மீட்டர், அதாவது ஐம்பதுக்கு ஒன்று. 2.6 சென்டிமீட்டர் வந்தால் ஏறக்குறைய அறுபத்தாறுக்கு ஒன்று. 1.2 சென்டிமீட்டர் வந்தால் முப்பதுக்கு ஒன்று, அங்கே கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்கலாம். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். நடுவில் ஒரு வெட்டுப்பள்ளமோ சுரங்கமோ பாலமோ இருக்கும், கோட்டை எண்ணியதில் நீங்கள் ஏமாந்திருப்பீர்கள்.

இந்த எண்களை ஏன் சொல்கிறேன் என்றால், டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க் போகிற பழைய முதன்மைப் பாதை முப்பதுக்கு ஒன்று. 1880இல் திறந்தது. கேப் கேஜ் என்று இங்கே சொல்லும் 1067 மில்லிமீட்டர் அகலப் பாதை அது. நம் ஊர் பிராட் கேஜுக்கும் மீட்டர் கேஜுக்கும் நடுவில் கிடக்கும். பாதை குறுகலாக இருந்தால் வளைவை இறுக்கமாகப் போடலாம், மலையைக் குடையாமல் இடுப்பைச் சுற்றிக்கொண்டே போகலாம், செலவு குறையும். பார்க்கிற நமக்கு அதில் வளைவு மிச்சம். கூட்ஸ் வண்டிகளுக்கு இந்த ஏற்றம் கட்டுப்படியாகாமல் போகவே பிறகு அறுபத்தாறுக்கு ஒன்று ஏற்றத்தில் வேறு தடத்தில் புதிய பாதை போட்டார்கள். பழையது முகட்டு மேலேயே கிடக்கிறது. நாம் தொடங்கப்போவது அதில்தான்.

இன்னொரு குறுக்கு வழியும் அங்கிள் சொன்னது. டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஆண்டுதோறும் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிறார்கள், 1921இல் ஆரம்பித்தது. அதில் ஓடுகிறவர்கள் பயப்படும் மேடுகள் ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா. “ரன்னருக்கு எங்கே மூச்சு வாங்குதோ, எஞ்சினுக்கும் அங்கேதான் தம்பி.” வரைபடம் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஓட்டக்காரர் ஒருவரைப் பிடித்துக் கேட்டாலே போதும்.

வெயில் எந்தப் பக்கம்

இடம் தெரிந்த பிறகு வெயில். பொதுவாகச் சொன்னால் தண்டவாளத்துக்கு வடக்கே நில்லுங்கள், தெற்கே பாருங்கள். குளிர்காலத்துக்கு, அதாவது மே முதல் ஆகஸ்ட் வரைக்கும், இதில் விதிவிலக்கு கிடையாது.

ஆனால் பழைய பாதையில் ஒரு சங்கடம் உண்டு. டர்பனை அடுத்த க்ளூஃபிலிருந்து இன்சாங்கா வரை போகும் முகட்டுக்கு வடக்கேதான் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது. உம்கேனி ஆறு அடியில் ஓட, குன்றுக்குப் பின்னால் குன்றாக நீலம் மங்கிக்கொண்டே போகும். வருகிறவர்கள் எல்லாரும் ரயிலுக்குப் பின்னால் அந்தப் பள்ளத்தாக்கு வேண்டும் என்று வடக்கே பார்த்து நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். குளிர்காலத்தில் அது எதிர்வெயில்.

டிசம்பரில் கதை மாறும். சூரியன் அப்போது தென்கிழக்கில் உதிக்கிறது. காலை ஒன்பது மணி வரைக்கும், அப்புறம் பிற்பகல் மூன்று மணிக்கு மேலும், வெயில் தெற்குப் பக்கத்திலிருந்து வரும். அந்த நேரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றால் ரயிலும் குன்றும் இரண்டும் ஒளியில் இருக்கும். கோடைப் பிற்பகலில் இடிமழை வருவது இங்கே வழக்கம் என்பதால் காலைப் பொழுதைத்தான் நம்ப வேண்டும். அதுவும் மூடுபனி இல்லாமல் இருந்தால். கடல் காற்று மேட்டில் ஏறி முட்டும் இந்த உயரத்தில் பனி எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹில்டனில் ஒரு காலை மூன்று மணி நேரம் நின்றேன். பத்தடி தள்ளி நின்ற என் சொந்தக் காரே தெரியவில்லை.

குளிர்காலத்துக்கு வேறு லாபங்கள் உண்டு. மழை இல்லை, காற்று தெளிவு, குளிரில் நீராவி கெட்டியாக வெள்ளையாக நிற்கும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சரிவுகளில் காட்டுக் கற்றாழை சிவப்பாகப் பூத்திருக்கும். பின்னணிக்குப் பள்ளத்தாக்கு இல்லாவிட்டால் போகட்டும் என்று பூவை முன்னணியில் வைத்துக்கொள்ளலாம். புல் எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருக்கும். பச்சைதான் மலை என்று நினைக்கிற நமக்கு முதலில் மனசு ஒப்பாது. இரண்டாம் ஆண்டு பழகிவிடும்.

தொடங்க ஏற்ற இடம்: க்ளூஃபிலிருந்து இன்சாங்கா

முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. உம்கேனி நீராவி ரயில் என்று தன்னார்வலர்கள் நடத்தும் வண்டி, வழக்கமாக மாதத்தின் கடைசி ஞாயிறு க்ளூஃப் பழைய ஸ்டேஷனிலிருந்து இன்சாங்காவுக்குப் போய்த் திரும்பும். நாள் தெரியும், திசை தெரியும், கூட்டமும் இருக்கும். அந்த மாதம் ஓடுகிறதா என்று மட்டும் அவர்களுடைய அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய மெயின் ரோடு என்ற ஆர்103 சாலை தண்டவாளத்தை ஒட்டியும் விலகியும் கூடவே வருகிறது. ஆகவே ஒரே ரயிலை இரண்டு மூன்று இடங்களில் பிடிக்கலாம். செய்யவேண்டியது இவ்வளவுதான்: முந்தின வாரமே ஒரு நாள் கேமரா இல்லாமல் போய் வாருங்கள். க்ளூஃபிலிருந்து போத்தாஸ் ஹில் வரை ஏற்றம் என்பதால் போகும் வண்டியை அந்தத் துண்டில் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையிலிருந்தே தண்டவாளம் தெரியும் வளைவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காரை எங்கே நிறுத்தலாம், நிறுத்திய இடத்திலிருந்து எத்தனை நிமிட நடை, புல் எவ்வளவு உயரம், குறுக்கே எந்த மின்கம்பி போகிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். ஞாயிறன்று அந்த நோட்டு உங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம் பிடித்துத் தரும்.

மூன்று இடத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். நான் ஐந்து இடம் என்று கணக்குப் போட்டு, டிரம்மண்டில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஐந்தில் நான்கைக் கோட்டை விட்டேன். ஒரு நல்ல இடத்தில் நின்று காத்திருந்தவர் எடுத்த படத்தைப் பிறகு இன்சாங்காவில் காட்டினார். பொறாமையாக இருந்தது.

குழந்தைகளோடு போனால் துரத்தல் எல்லாம் வேண்டாம். இன்சாங்கா ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிடுங்கள். வண்டி அங்கே வெகு நேரம் நிற்கும், எஞ்சினைக் கிட்டத்தில் பார்க்கலாம், கைவினைக் கடைகளும் இருக்கும்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்று. டர்பன் என்றால் பன்னி சௌ, அதாவது பிரெட்டின் நடுவைக் குடைந்து குழம்பு ஊற்றிக் கொடுப்பது. அதை மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கை மணிக்கட்டு வரை குழம்பாக இருக்கும் நிமிடம் பார்த்துத்தான் ரயில் வளைவில் திரும்பும். ரொட்டி ரோல் உத்தமம்.

கால அட்டவணை இல்லாத வண்டிகள்

நீராவியில் கை பழகிய பிறகு கூட்ஸ் வண்டிகள் பக்கம் வரலாம். உண்மையான மலை ரயில் வேலை அங்கேதான். இதில் சிரமம், எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்டவாளத்தைத்தான் கேட்க வேண்டும்.

சாலைப் பாலத்தின் மேல் நின்று தண்டவாளத்தின் தலையைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தால் இன்று ஓடியிருக்கிறது. மேலாக ஒரு பழுப்புப் படலம் இருந்தால் சில நாளாக ஒன்றும் இல்லை. செக்கச்செவேல் என்று துரு ஏறியிருந்தால் சாமானைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். இங்கே செப்புக் கம்பித் திருட்டு அதிகம். மின்பாதையிலேயே டீசல் எஞ்சின் இழுத்துக்கொண்டு வருவது சாதாரணம். கம்பி இல்லை என்பதால் பாதை செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், தண்டவாளத்தின் பளபளப்பை நம்புங்கள். ஒற்றைப் பாதையில் லூப்பில், அதாவது எதிர் வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் பக்கத் தடத்தில், ஒரு வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தால் எதிரே இன்னொன்று வருகிறது என்று அர்த்தம். அப்போது காரைக் கிளப்பாதீர்கள்.

பக்கத்துக் கடையில், பண்ணையில் விசாரிப்பதும் நல்ல வழி. ‘சவுபோனா’ என்று ஜூலுவில் வணக்கம் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் முகம் மலரும். ரயிலுக்கு ஜூலுவில் இசிதிமேலா. ஸ்டீமர் என்ற சொல்தான் அப்படி ஆகியிருக்கிறது. தினமும் அந்தச் சத்தத்தில் வாழ்கிற கடைக்கார அம்மாவுக்குக் காலை வண்டி எத்தனை மணிக்குப் போகும் என்று நன்றாகவே தெரியும்.

எங்கெங்கே போகலாம்? டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் முதன்மைப் பாதை கேட்டோ ரிட்ஜ், மாரிட்ஸ்பர்க் வழியாக ஏறுகிறது. கன்டெய்னர் வண்டிகள் இதில் வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன்–கேட்டோ ரிட்ஜ் துண்டு பல இடங்களில் அரித்துக்கொண்டு போய், இரண்டு மாதம் போல மூடிக்கிடந்தது. மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனைப் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 1893 ஜூன் 7 இரவு காந்தியை இறக்கிவிட்ட இடம். சிவப்புச் செங்கல் கட்டடம் இன்றும் அப்படியே நிற்கிறது. அதைப் படம் எடுக்கக் காலை நேரம் போதும், ரயிலுக்காக அங்கே தவம் கிடக்க வேண்டாம்.

மாரிட்ஸ்பர்க்கை விட்டதும் பாதை ஹில்டன் மேட்டை ஏறியாக வேண்டும். நானூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். இந்த ஏற்றங்களில் நீராவி திணறியதால்தான் இந்நாட்டின் முதல் மின்சார முதன்மைப் பாதை இங்கே வந்தது: மாரிட்ஸ்பர்க்கிலிருந்து க்ளென்கோ வரை, 1920களின் நடுவில், 3000 வோல்ட் நேர்மின்சாரம். பிறகு மலையைக் குடைந்து சுரங்கம் போட்டதும் முதன்மைப் பாதை ஹில்டன் ஸ்டேஷனை விட்டு விலகிவிட்டது. பழைய ஸ்டேஷனில் ரயில் ஆர்வலர்கள் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பனி இறங்கி ரயில் பார்க்க முடியாத நாளுக்கு அது நல்ல போக்கிடம்.

இன்னும் மேலே போனால் லேடிஸ்மித்திலிருந்து டிராகன்ஸ்பர்க் தொடரை ஏறும் வான் ரீனன் கணவாய். முதலில் போட்டபோது வண்டி முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு என்று இசட் எழுத்து மாதிரி முன்னும் பின்னும் போய்த்தான் ஏறியிருக்கிறது. பிறகு பாதையை மாற்றினார்கள். கணவாய் முழுக்க என்3 நெடுஞ்சாலை, லாரி மேல் லாரி. சாலை ஓரம் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. மேலே வான் ரீனன் ஊருக்குள் திரும்பி, மண் சாலைகளில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஊரில் எட்டே பேர் உட்காரக்கூடிய ஒரு தேவாலயம் இருக்கிறது. ரயில் வராத நாளில் நாங்கள் நான்கு பேர் போய் உட்கார்ந்து பாதிக் கோயிலை நிரப்பினோம்.

வண்டி எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் எர்மலோவிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு இறங்கும் நிலக்கரிப் பாதைக்குப் போங்கள். 1976இல் திறந்தது. 200 வேகன், இரண்டரை கிலோமீட்டர் நீளம். ஃப்ரைஹெய்ட், உலுண்டி பக்கம் குன்றுகளுக்குள் பாலமும் சுரங்கமுமாக வளைந்து போகும். இங்கே நான் முன்னால் சொன்ன ஏற்ற விதி கொஞ்சம் தலைகீழ்: சுமை ஏற்றிய வண்டி பெரும்பாலும் கடலை நோக்கி இறங்குகிறது, காலி வண்டிதான் ஏறுகிறது. ஆகவே எஞ்சின் உறுமலைத் தேடாமல் நீளத்தைக் காட்டும் இடத்தைத் தேட வேண்டும். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் நின்றால் எதிர்ச் சரிவில் குதிரைலாட வளைவு முழுதும் தெரிய வேண்டும். எஞ்சின் சட்டத்தை விட்டு வெளியே போன பிறகும் வால் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிக்கலாம்.

நட்டாலுக்கு வெளியே இரண்டு இடம் மட்டும். ம்புமலாங்காவில் வாட்டர்வால் போவன். நம் நீலகிரி ரயில் மாதிரி பல்சக்கரம் வைத்து 1894இல் ஏறத் தொடங்கிய இடம். நீலகிரியில் பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் இங்கே இருபதுக்கு ஒன்று. 1908இல் வேறு தடம் போட்டுப் பல்லைக் கழற்றிவிட்டார்கள். கைவிட்ட பழைய சுரங்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தால் அருவியைப் பார்த்து வெளியே வரலாம். புதிய தடத்தில் கூட்ஸ் வண்டிகள் ஓடுகின்றன. அப்புறம் வெஸ்டர்ன் கேப்பில் ஜார்ஜ் ஊருக்கு மேல் மான்டேகு கணவாய்ப் பாதை, 1913இல் திறந்தது, முப்பத்தாறுக்கு ஒன்று, ஏழு சுரங்கம். எதிரே அவுட்டனிக்வா கணவாய்ச் சாலையில் அந்த மலையைக் கடக்கும் நான்கு கணவாய்ப் பாதைகளும் ஒரே இடத்திலிருந்து தெரியும் காட்சிமேடை இருக்கிறது. அங்கே நின்றால் மலை இடுப்பில் நூல் கட்டிய மாதிரி ரயில் பாதை போவது தெரியும். வண்டி அபூர்வம், பாதையைப் பார்க்கவே போகலாம்.

நிற்கும்போது

பாதுகாப்பைக் கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிற விஷயமாக இந்த நாட்டில் நினைக்க முடியாது.

தனியாகப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு பேர், மூன்று பேர் நல்லது. ஒருவர் கேமராவில் கண்ணை வைத்திருக்கும்போது மற்றவர் சுற்றிலும் பார்க்க வேண்டும். காரை வந்த வழிக்கே திருப்பி நிறுத்துங்கள். பை, லென்ஸ் எதையும் சீட்டில் பரப்பி வைக்காதீர்கள். இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். அந்தி ஒளி அருமையாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

தண்டவாளமும் அதன் இருபுற வேலிக்குள் இருக்கும் நிலமும் ரயில்வேயுடையது. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைப்பது குற்றம். பாலத்திலும் சுரங்கத்திலும் ஏறி நின்று எடுத்த படங்களை இணையத்தில் பார்த்து அதே மாதிரி முயலாதீர்கள். பொதுச் சாலை, சாலை மேம்பாலம், உரிமையாளர் அனுமதித்த பண்ணை நிலம், இவை போதும். ஒருமுறை ஒரு ஸ்டேஷன் மேடையில் டிக்கெட் இருக்கிற தைரியத்தில் முக்காலியை விரித்தேன். இரண்டு நிமிடத்தில் காவலர்கள் சூழ்ந்துகொண்டார்கள், படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கம்பித் திருடர்கள் முன்கூட்டியே வந்து நோட்டம் பார்ப்பது வழக்கமாம். அவர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அன்றிலிருந்து முதலில் காவலரிடம் போய் நான் யார், என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் திறக்கிறேன்.

திருடர்கள் வெட்டிப் போட்ட மின்கம்பி தரையில் தொங்கிக்கொண்டிருக்கும். செத்த கம்பி என்று நினைத்துத் தொடாதீர்கள், பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.

புல்லுக்குள் நடந்தால் முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகி. உண்ணி கடித்தால் காய்ச்சல் வரும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்பக்கம், இடுப்பு எல்லாம் பாருங்கள். பஃப் ஆடர் என்ற விரியன் பாம்பு, ஆள் வந்தால் ஓடாது, அப்படியே கிடக்கும். ஆகவே கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள், கண்ணை ரயிலில் வைத்துக்கொண்டு பின்னால் நகராதீர்கள்.

கேமரா

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, கைப்பேசியே போதும். அகலக் கோணத்தை மட்டும் தொடாதீர்கள். மலை மண்மேடாகவும் ரயில் புழுவாகவும் ஆகிவிடும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நெருக்கத்தில் வைத்தால் வளைவு இறுகி, மலை ரயிலின் தோளுக்கு மேல் எழுந்து நிற்கும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: ஏற்றத்தில் மெதுவாக வரும் வண்டிக்கு 1/500 நொடி போதும், இறக்கத்தில் 1/1000. வெள்ளை நீராவியை நம்பிக் கேமரா கணக்குப் போட்டால் எஞ்சின் இருண்டுவிடும். எஞ்சினை நம்பினால் நீராவி வெளுத்து விவரம் போய்விடும். எஞ்சின் வருவதற்கு முன்பே புல்லில் ஒளி அளந்து, அதைவிட ஒரு கொசுறு குறைத்து, கையால் பூட்டி வைத்துவிடுங்கள். நகரப் பயணிகள் வண்டிகளில் ஊர்ப் பெயர் காட்டும் எல்இடி பலகை வேகமான ஷட்டரில் பாதி எழுத்தாக விழும். பலகை வேண்டும் என்றால் 1/125க்கு இறங்கி, வண்டி நேரே வரும்போது எடுங்கள்.

மின்பாதையில் கம்பம் ஒரு தொல்லை. வண்டியின் முகத்தில் கம்பம் குறுக்கே வராத இடத்தை முன்கூட்டியே, வண்டி இல்லாதபோதே பார்த்துவைக்க வேண்டும். ஏதாவது ஒரு கம்பத்தையோ புதரையோ குறியாக வைத்து, எஞ்சின் அங்கே வந்தால் அழுத்துவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வந்த பரபரப்பில் எல்லாரும் சீக்கிரமே அழுத்துகிறார்கள். நான் இன்னும் அப்படித்தான்.

படம் எடுத்த கையோடு நோட்டில் நாலு வரி: நேரம், திசை, எஞ்சின் எண், வெயில் எந்தப் பக்கம். அங்கிளிடம் முப்பது ஆண்டு நோட்டுகள் இருக்கின்றன. போன மாதம் போத்தாஸ் ஹில் வளைவு ஒன்றைப் பற்றிக் கேட்டேன். ஒரு நோட்டைப் புரட்டி, “ஜூலையிலே காலைல வேணாம் தம்பி, அந்த யூக்கலிப்டஸ் மரம் நிழல் போடும்” என்றார். போய்ப் பார்த்தேன். மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.